மோளை இறங்காத தண்ணீர்

மனு எழுத உட்கார்ந்து, அகராதியில் ஒரு சொல்லைத் தேடியபோது அந்தத் தாள் கிடைத்தது. நான்காக மடித்தது. ஒரு மூலையில் மை கலைந்து நீலமாகப் படர்ந்திருக்கிறது. பால் கறந்த ஈரக் கையோடு நீ பிடித்த இடம் அது. எழுத்து என்னுடையது. உனக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும், கையில் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாய். வேலை முடிந்ததும் என்னிடமே திருப்பிக் கொடுத்தாய்.

பதினோரு வருடம் ஆகிறது. நகரத்துக் கல்லூரியிலிருந்து நான்கு மாணவர்கள் நம் ஏரியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தார்கள். தோளில் தூக்கும் வீடியோ கேமரா, ஒரே ஒரு கேசட். ஞாயிற்றுக்கிழமை காலை திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டே கரைக்கு வந்து சேர்ந்தார்கள். படத்தைப் பார்க்க ஓர் அதிகாரி வரப்போகிறார், அவர் மனது வைத்தால் குழாயை மூட உத்தரவு வாங்கிவிடலாம் என்றார்கள்.

அந்தக் குழாய் எங்கள் கம்பெனியின் பின்சுவரிலிருந்து வந்தது. முலாம் பூசும் பிரிவின் கழிவு, மஞ்சளும் பச்சையுமாக நேராக ஏரிக்குள் இறங்கும். நான் அதே கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் முகம் படத்தில் வந்தால் மறுநாள் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். உனக்கோ ஏரிதான் பிழைப்பு. ஏழு எருமைகள். சினையாக இருந்த இரண்டு அந்த வருடம் குறைமாதத்திலேயே கன்று வீசிவிட்டன. ஆகவே நீ பேசுவது என்று முடிவாயிற்று. நீ பேச வேண்டியதை நான் எழுதினேன்.

அடுத்த ஞாயிறு படம் எடுக்க மறுபடி வந்தார்கள். கேமராப் பையன் மைக்கைச் சரிபார்க்க, "சும்மா ஏதாவது பேசுங்கண்ணே" என்றான்.

"இன்னாத்த பேசறது? என் மோளை கீதே..." என்று கரையில் நின்ற கொம்பில்லாத எருமையைக் காட்டினாய். "முன்னல்லாம் வெயில்ல தண்ணிய கண்டா என்னியே இஸ்துகினு ஓடும். இப்போ கரை வரைக்கும் வருது, மோந்து பாக்குது, அப்டியே நின்னுடுது. எருமையே எறங்க மாட்டேன்னு நிக்குதுன்னா, அது இன்னா தண்ணி? நீயே சொல்லு நைனா."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "ஐயா, இதையே வெச்சிக்கலாமே" என்று என்னிடம் கேட்டாள்.

கூடாது என்றேன். கேமரா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, எல்லாம் பதிவாகியிருந்தது. இருந்தது ஒரே கேசட். பின்னால் ஓட்டி அதன்மேலேயே எடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். கம்பெனியில் சூப்பர்வைசர்கள் நம் பேச்சைப் பேசிக்காட்டிச் சிரிப்பார்கள். சினிமாக் கொட்டகையிலும் நம் பேச்சு வந்தால் சிரிப்புத்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன நான், பொட்டலத் தாள்களையும் பழைய பேப்பர் கடையில் வாங்கிய இந்த அகராதியையும் வைத்துக்கொண்டு எழுதப் பழகியது அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான். ஓர் அதிகாரி உன்னைப் பார்த்துச் சிரிக்க நான் விடுவேனா?

"நீர்நிலை மாசுபாட்டின் காரணமாகக் கால்நடைகள் பெரும் பாதிப்புக்கு உள்ளாகியுள்ளன என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்." இதுதான் முதல் வரி. மூன்று நாள் மனப்பாடம் செய்தும் கேமராவுக்கு முன் ஆறு முறை தடுக்கினாய்.

"கால்நடைன்னா யாரு வாத்யாரே, நம்ம மோளையா?"

"ஆமாடா."

"அப்போ மோளைன்னே சொன்னா இன்னாவாம்?"

"குடுத்ததச் சொல்லுடா."

ஏழாவது முறை தடுக்காமல் சொல்லி முடித்தாய். தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறவன்போல, எங்கேயோ பார்த்தபடி. உனக்குப் பின்னால் மோளை தண்ணீரை முகர்ந்துகொண்டு நின்றது. அதை யாரும் கவனிக்கவில்லை.

கல்லூரியில் படம் போட்ட அன்று நாம் இருவரும் இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு போனோம். படம் முடிந்ததும் அதிகாரி எழுந்தார். மாணவர்களைப் பாராட்டினார். பிறகு, "அந்தப் பால்காரர் சொந்தமாகப் பேசவில்லையே. யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறார். இதை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனிமேல் நடவடிக்கை எடுக்க முடியாது" என்றார். மண்டபத்தில் எல்லாரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழப் போனேன். நீ என் தொடையில் கையை வைத்து அழுத்தினாய். உட்கார்ந்துவிட்டேன். எதற்கும் வாயை மூடாதவன் அன்று மூடிக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் அம்பத்தூர் தாண்டும்போது நீ சொன்னாய். "வுடு வாத்யாரே. நீ எய்ந்து நின்னா உன் வேல பூடும். எனக்கு இன்னா, மாட்ட வித்துட்டா தீந்துச்சி." இறங்கும்போது, "ஆனா உன் எய்த்து சோக்கா கீது. இன்னா, யார்க்கும் புரில" என்று சிரித்தாய்.

சொன்னபடியே ஒவ்வொன்றாக விற்றாய். கடைசியாக மோளை. அதன் பிறகு திருமழிசையில் ஒரு கம்பெனி வாசலில் நீலச் சட்டையோடு காவலுக்கு நின்றாய். அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட என்னைக் குத்திப் பேசியதில்லை. குத்தியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசி முடித்திருப்பேன். போன மார்கழியில் நீயும் போய்விட்டாய்.

அந்த அதிகாரியை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். பத்து மைல் தள்ளியிருந்த குழாயை வந்து பார்க்காமல், நீ பேசிய விதத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னவர் அவர். இந்தத் தாள் கிடைத்ததும் மறுபடி படித்துப் பார்த்தேன். ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. மோளையும் இல்லை. நான் சொல்லப் பயந்ததை உன் வாயில் திணித்து, உன்னிடம் இருந்ததை அழித்துவிட்டேன்.

நான் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகிறது. குழாய் இன்னும் ஓடுகிறது. இனி என் பெயரிலேயே கையெழுத்துப் போடலாம். எழுதி வைத்திருந்த மனுவைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். நீ அன்று மைக்கில் சொன்னதை, சொன்னபடியே, உன் பேச்சிலேயே முதலில் வைத்தேன். குழாய் எந்தச் சுவரிலிருந்து வருகிறது என்பதைக் கீழே நான் எழுதினேன். நேற்று கலெக்டர் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

குமாஸ்தா படித்துவிட்டு நிமிர்ந்தான். "இன்னா பெரியவரே, எருமைக் கதய எழுதிகினு வந்துகீறீங்க? ஒழுங்கா மாத்தி எழுதிகினு வாங்க."

"ஒரு எழுத்து மாறாது. சீல் போடு."

அவன் மறுபடி படித்தான். முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்தவன் அப்படியே நிறுத்தி, "நெஜமாவே எறங்கலியா?" என்று கேட்டான்.

"எறங்கல" என்றேன்.