ரெண்டு வாலு

என்னங்க,

உங்க புது விலாசத்தை உங்க தங்கச்சிகிட்ட கெஞ்சித்தான் வாங்கினேன். பயப்படாதீங்க, வரச் சொல்லி எழுதலை. நாய்க்குட்டி விஷயம்தான்.

வீட்டு ஓனர் ஒரு நாய்க்குத்தான் சம்மதிச்சார்னு, ஒரே நிறத்துல ரெண்டு வாங்கி, ரெண்டுக்கும் 'வாலு'ன்னு ஒரே பேர் வச்சீங்களே, அந்தத் திருட்டுத்தனம் நாலு மாசம் ஓடுச்சு. ஒண்ணைக் கீழே கூட்டிட்டுப் போய் வந்ததும் அடுத்ததைக் கூட்டிட்டுப் போவேன். "உங்க நாய்க்குக் களைப்பே வராதாம்மா?"ன்னு வாட்ச்மேன் கேப்பார். எனக்கு மூச்சு வாங்கும். சோபாவை ரெண்டும் குதறிப் பஞ்சாக்கிடுச்சுங்க. உங்க செருப்பை மட்டும் அலமாரி மேல வச்சிருக்கேன்.

நேத்து ஒண்ணோட லிஃப்ட்டுக்கு நின்னேன். கதவைச் சரியா சாத்தலை போல, இன்னொண்ணும் பின்னாலேயே ஓடி வந்துடுச்சு. லிஃப்ட் திறந்தா உள்ளே வீட்டு ஓனர்! பதறிப்போய் "வாலு, உள்ளே போ!"ன்னு கத்தினேன். ரெண்டும் சொன்ன பேச்சைக் கேட்டு வீட்டுக்குள்ளே ஓடுச்சு. அவர் சிரிக்கலை, ஒண்ணை உடனே அனுப்பிடணும்னுட்டார்.

ஒண்ணை உங்ககிட்ட விடலாம்னு நினைச்சேன். அங்கே உங்ககூட இருக்கிறவங்களுக்கு நாய்னாலே ஆகாதுன்னு உங்க தங்கச்சி சொன்னாங்க. இன்னிக்குக் காலையில தெருமுனைத் தையல்காரம்மா வந்து ஒண்ணைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. மிச்சமிருக்கிறது கதவையே பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கு, தட்டைத் தொடலை.

"தனியா விட்டா ஏங்கிப் போயிடும், துணை வேணும்"னு சொல்லித்தானே ரெண்டா வாங்கிட்டு வந்தீங்க?

நாய்க்கு மட்டும்தான் சொன்னீங்கன்னு அப்போ எனக்குப் புரியலை.

இப்படிக்கு,
மூணாவது மாடியில இருக்கிறவ