கம்பி தளர்த்திய களவு

1992 மார்கழி 12, சனி

மாதா கோயில் பாட்டுக்குழுவில் ஆறு வருடமாக நான்தான் கிற்றார் மன்னன். சும்மா தட்டினாலே இனிமையாகச் சேர்ந்தொலிக்கும்படி கம்பிகளைத் தளர்த்திவிட்டு, ஒரே விரலைக் குறுக்கே போட்டு ஏமாற்றுவது எவருக்கும் தெரியாது.

இன்று பயிற்சியில் சுவாமியார் என் கிற்றாரைப் பறித்து, புதிதாக வந்த றெஜினா ரீச்சரிடம் நீட்டினார்.

"எங்கை, யேசு பாலன்ர நத்தார்ப் பாட்டை ஒருக்கா வாசியுங்கோ பாப்பம்."

செத்தேன் என்று நினைத்தேன். வழக்கமான விரல்பிடியில் அவள் முதலில் தட்டியது நாராசமாக ஒலித்தது. என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அதே தளர்ந்த கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டி, மணியோசையே எழுப்பிவிட்டாள். என் கிற்றாரா அது! திறந்த வாயை மூட எனக்கு நேரமாயிற்று.

"அண்ணை, உந்தச் சுருதியை ஆரிட்டைப் பழகினியள்?" என்று கேட்டாள்.

"சோம்பலிட்டை," என்றேன். உண்மைதான். குழுவே பகிடியென்று சிரித்தது.

படியிறங்கும்போது காதுக்குள் சொன்னாள்: "பயப்பிடாதேங்கோ, சொல்லமாட்டன்."