இடது பக்கம் உட்காருகிறவள்

786

கும்மிடிப்பூண்டி,
ஞாயிற்றுக்கிழமை, ஜூன் 2008.

பிரியமுள்ள மச்சானுக்கு, உங்கள் இர்பானா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் மாமி, நம் பிள்ளை ரமீஸா, நான் மூவரும் சுகம். நான் சுகமாகவும் இருக்கிறேன், கோபமாகவும் இருக்கிறேன். கோபத்தில் பாதி அந்த இத்தாலிக்காரர்களுக்கு, பாதி உங்களுக்கு. உங்கள் பங்கை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

போனில் எதையும் பேச முடிவதில்லை. மாமி பக்கத்திலேயே நின்றுகொண்டு "இன்னா சொல்றான், இன்னா சொல்றான்" என்று என் தோளை இடிக்கிறார். நீங்களோ மூச்சுக்கு மூச்சு பில் ஏறுகிறது என்கிறீர்கள். சாலமோன் அண்ணன் கம்பெனி வேலையாகச் செவ்வாய்க்கிழமை இத்தாலிக்கு வருகிறார் என்று தெரிந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். அவரிடம் இறால் ஊறுகாயும் ஒரு சி.டி.யும் கொடுத்திருக்கிறேன். ஊறுகாயைத் தனியாகச் சாப்பிடுங்கள், பரவாயில்லை. சி.டி.யைத் தனியாகப் பார்க்காதீர்கள். வெள்ளிக்கிழமை இத்தாலிக்காரர்களோடு நடக்கிற கூட்டத்தில் அத்தனை பேரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள்.

புதன்கிழமை போனில் என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் நமக்குச் செய்து அனுப்புகிற ஸ்கூட்டரில், பின்னால் உட்காருகிறவளின் சேலை சக்கரத்தில் சிக்காமல் மறைக்கிற சாரி கார்டை அவர்கள் வலது பக்கம் வைத்துச் செய்துவிட்டார்கள் என்றீர்கள். அவர்கள் ஊரில் வண்டிகள் வலது ஓரமாகப் போகுமாம், அதனால் வலது பக்கம்தான் இறங்குவார்கள் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்களாம். அச்சு வார்த்தாகிவிட்டது, மாற்ற முடியாது, உங்கள் பெண்களை அந்தப் பக்கம் உட்காரச் சொல்லுங்கள் என்கிறார்களாம். சரி, அவர்களுக்கு நம் ரோடு தெரியாது. நீங்கள் கும்மிடிப்பூண்டியில் இருபது வருஷம் வண்டி ஓட்டியவர்தானே? நீங்களுமா "பழகிக்க முடியாதா இர்பானா?" என்று கேட்பது! எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை மாமியிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். லைன் கட்டாகவில்லை, நான்தான் போனேன்.

புனேயில் சோதனை செய்கிறவர்கள் வண்டியைப் பார்த்ததுமே, கார்டு ஏன் அந்தப் பக்கம் என்று கேட்டுத் திருப்பி அனுப்பியதை சாலமோன் அண்ணன் வீட்டுக்கே வந்து சொன்னார். அடுத்த தடவையும் இப்படியே போனால் அனுமதி கிடைக்காது, அனுமதி இல்லாமல் ஒரு வண்டிகூட கப்பலிலிருந்து இறங்காது, சிப்காட்டில் கட்டிய புது ஷெட்டைப் பூட்டிவிட வேண்டியதுதான் என்று உங்கள் மேனேஜர் கோபால் சார் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாராம். ஷெட்டைப் பூட்டினால் நமக்கு என்ன மிச்சம் என்று எனக்குத் தெரியும். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

வாயால் சொன்னால் வெள்ளைக்காரர்களுக்குப் புரியவில்லை, நம் ரோட்டில் ஒரு பெண் வலது பக்கம் உட்கார்ந்து போவதைப் படம் எடுத்து அனுப்பலாமா, யார் உட்காருவார்கள் என்று கோபால் சார் கேட்டாராம். நான் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சத்தம் போடாதீர்கள், ரமீஸாவை ஏற்றவில்லை. ஒரு தலையணையைத் துண்டில் சுற்றிப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டேன். வண்டி ஓட்டியது என் தம்பி மொஹசின். சாலமோன் அண்ணன் இன்னொரு வண்டியில் கேமராவோடு பின்னால் வந்தார். வெள்ளிக்கிழமை காலை, பஜாரிலிருந்து எளாவூர் செக்போஸ்ட் வரைக்கும் போனோம்.

மச்சான், என் வலது கை உங்கள் தோளைப் பிடித்தே பழகிய கை. அன்றைக்கு இடது கையால் மொஹசினைப் பிடித்தால் யாரோ அந்நியர் வண்டியில் ஏறிவிட்டது மாதிரி இருந்தது. முழங்காலை உரசுகிற மாதிரி லாரிகள் போகின்றன. ஒவ்வொரு லாரிக்கும் புர்கா மேலே பறக்கிறது. அதைப் பிடிப்பதா, பிள்ளையைப் பிடிப்பதா, தம்பியைப் பிடிப்பதா? எனக்கு எத்தனை கை? பஜாரில் பூ விற்கிற அம்மா எழுந்து நின்றே கத்தினார், "இன்னாம்மா அந்தப் பக்கம் குந்திகினு போற, உசுரு மேல ஆசையில்லியா?" என்று. மொஹசினுக்கு வெட்கம் தாங்கவில்லை. "அக்கா, தெரிஞ்சவங்க பாக்குறாங்கக்கா, சீக்கிரம் முடிச்சுக்கலாம்" என்று புலம்பிக்கொண்டே ஓட்டினான்.

எளாவூரில் ஓரமாக நிறுத்தினான். இடது பக்கம் மண் தரை, டீக்கடை, நிழல் எல்லாம் இருக்கிறது. நான் இறங்க வேண்டியதோ ரோட்டுக்குள். ஒரு காலை ஊன்றினேன், அவ்வளவுதான். பின்னாலிருந்து ஒரு லாரி காற்றை வாரி அடித்துக்கொண்டு போனது. நான் மொஹசினின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். மடியிலிருந்த தலையணை உருண்டு ரோட்டில் விழுந்தது. அடுத்து வந்த லாரி அதன்மேல் ஏறி நின்றது.

டீக்கடையில் இருந்தவர்கள் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர்களுக்குத் தலையணை என்று எப்படித் தெரியும்? லாரி டிரைவர் குதித்து வந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்தார். பஞ்சைப் பார்த்ததும் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து "புள்ள மேலயே ஏத்திட்டேன்னு நெனச்சேம்மா, எனக்கும் ரெண்டு புள்ளைங்க கீது" என்று என்னைத் திட்டினார், திட்டிக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். மொஹசின்தான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னான். விஷயம் தெரிந்த பிறகு அவர் இன்னும் கொஞ்சம் திட்டினார், இந்தத் தடவை இத்தாலிக்காரர்களை. நல்ல மனுஷன்.

இதெல்லாம் அந்த சி.டி.யில் இருக்கிறது. நான் அழுவதும் இருக்கிறது, அதை வெட்டிவிடச் சொன்னேன், சாலமோன் அண்ணன் மறந்துவிட்டாராம். கோபால் சார் நேற்றுக் காலை பார்த்துவிட்டு இன்னொரு தடவை போடச் சொன்னாராம். அப்புறம் தானே ஷெட்டுக்குள் போய், ஆட்களை வைத்துக் கம்பியை வளைத்து, இடது பக்கத்துக்கு ஒரு கார்டு செய்ய வைத்திருக்கிறார். அதுவும் சாலமோன் அண்ணன் பெட்டியில் வருகிறது. உங்கள் அச்சை நீங்கள் மாற்ற வேண்டாம், வண்டியை கார்டு இல்லாமலே அனுப்புங்கள், இதை நாங்கள் இங்கேயே செய்து மாட்டிக்கொள்கிறோம், வரைபடத்தில் கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று நீங்கள் கேட்க வேண்டுமாம். இது நடக்கும் என்று என் மனசு சொல்கிறது. தலையணை நசுங்கியதைப் பார்த்த பிறகும் ஒருவன் வலது பக்கம் என்று சொல்வானா? அப்படிச் சொல்கிறவனை என்னிடம் அனுப்புங்கள், நான் மொஹசின் பின்னால் உட்காரவைத்து எளாவூர் கூட்டிப்போகிறேன்.

பக்கத்தை வேறு செய்திக்கும் கொஞ்சம் விட வேண்டும். கரண்ட் தினமும் போகிறது. ரமீஸாவுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, புது டீச்சரைப் பிடிக்கவில்லையாம், ஆனால் அவர் வைத்திருக்கிற ஸ்கூட்டரைப் பிடித்திருக்கிறதாம். உங்கள் பிள்ளைதான், சந்தேகமில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் பழவேற்காடு எப்போ போகலாம் என்று காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறாள். மொஹசின் கூட்டிப்போகிறேன் என்றால் வேண்டாம், அத்தா வண்டியில்தான் போவேன் என்கிறாள்.

இப்போது கடைசி விஷயம். மஸ்கட் டயர் கடைக்கு நூர் அகமது மாமா உங்களுக்காக வாங்கி வைத்திருந்த விசாவை நேற்று சாயங்காலம் பழவேற்காடு போய் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "பார்க்கலாம்" என்பீர்கள். உங்கள் "பார்க்கலாம்" எனக்குத் தெரியாதா? போன தடவையும் அதைச் சொல்லிவிட்டுத்தான் ஆறு வருஷம் வெளிநாடு போனீர்கள். ரமீஸா நடந்ததையும் பேசினதையும் நான் போனில் சொல்லிச் சொல்லித்தானே நீங்கள் கேட்டீர்கள்.

மாமா நல்லவிதமாகத்தான் கேட்டார். "வண்டி பாஸ் ஆவலைன்னா இன்னாம்மா பண்ணுவீங்கோ?" என்றார். அங்கே போய் டயர் மாற்றத்தானே போகிறார், கும்மிடிப்பூண்டியில் டயர் இல்லையா மாமா என்றேன். சிரித்துவிட்டார். விசாவை வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்றார். மாமிக்குத்தான் வருத்தம். நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஆனால் இறாலை உரித்து ஊறுகாய் போட்டது அவர்தான், என்னைத் தொடவே விடவில்லை.

கோபம் வந்தால் கோபப்படுங்கள், நேரில் வந்து திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் நானும் மாமியும் உங்களுக்காக துஆ கேட்போம். பயப்படாமல் பேசுங்கள். கையெழுத்து கிடைத்தால் ஊருக்கே இனிப்பு கொடுக்கலாம். கிடைக்காவிட்டால் அங்கேயே நின்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே டிக்கெட் போட்டு நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள் மச்சான். அல்லாஹ் உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். இனி உங்களுக்குப் போக வேறு ஊர் கிடையாது, அதை நான் பார்த்துக்கொண்டேன்.

கோபத்தோடும் ஆசையோடும்,
இர்பானா