வடகிழக்கு மூலையில் நாலு அங்குலம்

குளுவாங்
3-6-1934

அன்புள்ள அப்பாவுக்கு மகன் வேலு வணங்கி எழுதுவது.

நான் சுகம். கல்லூரி விடுதியில் சோறு தாராளம். மீன்தான் தினமும் ஒரே மீன்.

இந்த மாதம் சர்வே வகுப்பில் மட்டம் பார்க்கும் கருவியைத் தொட விட்டார்கள். முதல் பயிற்சி எங்கள் திடலையே அளப்பது. வருஷா வருஷம் அதுதானாம். திடல் முழுக்க ஒரே மட்டம், வடகிழக்கு மூலையில் மட்டும் நாலு அங்குலம் பள்ளம். "நெரவினவன் கண்ண மூடிக்கிட்டு நெரவினானா?" என்று கூடப் படிக்கும் உலகப்பன் கேட்க, வகுப்பே சிரித்தது. அதை நிரவியவர் நீங்கள் என்று எனக்கல்லவா தெரியும். பொறுக்கவில்லை. "மழைத் தண்ணி வடியட்டும்னு வேணும்னே விட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டேன். ஆசிரியர் ஐயாசாமி அசந்து போனார்.

கல்லூரிக்கு இது இருபதாம் ஆண்டு. பழைய வரலாறு, இப்போது நடக்கும் தச்சு, சர்வே, தட்டெழுத்து வகுப்புகள், மாலை நேரத்து இங்கிலீஷ் வகுப்பு எல்லாம் சேர்த்துப் புத்தகம் போடுகிறார்கள். அதில் இந்தத் தண்ணீர் யோசனையும் வரப்போகிறது. சந்தோஷம்தானே?

உங்கள் பெயரை மட்டும் சொல்லவில்லை. நான் ரப்பர் தோட்டத்து ஆள் மகன் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

தங்கள் மகன்
வேலு


கூலாய்
10-6-1934

மகன் வேலுவுக்கு அப்பா காளியப்பன் சொல்ல, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி மணியம் எழுதுவது.

அம்மா பேச்சியம்மாளும் நானும் சுகம். உன் கடிதத்தை மணியம் ரெண்டு தடவை வாசித்தார். கருவியைத் தொட்டாய் என்ற இடத்தை மூன்றாம் தடவையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

தண்ணீர் வடியவென்று யாரும் விடவில்லையப்பா. அது என் பிசகு.

பெரிய சண்டை தொடங்கின வருஷம், ஆடி மாசம். நாங்கள் முப்பத்தொரு பேர், அதில் ஐந்து பெண்கள். உன் கல்லூரிக்கு அப்போது அத்தாப்பு ஓலைக் கூரையில் நாலே அறை. முன்னால் ஒரு மேடு. அதை வெட்டித்தான் திடல். பிளந்த மூங்கிலில் தண்ணீர் ஊற்றி, வயிறு மண்ணில் படப் படுத்து மட்டம் பார்ப்பேன். மறுமுனையைப் பிடிப்பவன் சின்னத்தம்பி. பதினாறு நாள் ஒரு குறையும் இல்லை. பதினேழாம் நாள் அந்த மூலை. அவனுக்குக் காலையிலேயே காய்ச்சல். "படுடா" என்றேன். "நானே புடிக்கிறேன் மாமா, முடிச்சிட்டே போலாம்" என்றான். பாதியில் விழுந்தான். கட்டிலில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். மறுநாள் துரை பார்க்க வருகிறார் என்று மீதியைக் கண்ணளவில் நிரவினேன். வேறு ஒருத்தன் கையில் அந்த மூங்கிலைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த வாரமே சின்னத்தம்பி போய்விட்டான்.

மற்ற இடமெல்லாம் சரி என்று கருவியே சொல்லிவிட்டதல்லவா, அந்தப் பெருமை எனக்குப் போதும். வாத்தியாரிடம் உள்ளதைச் சொல். எங்களைப் புத்தகத்தில் போடுவதென்றால் பிசகோடு போடட்டும், சின்னத்தம்பி பெயரோடு போடட்டும். இல்லையென்றால் எதுவும் வேண்டாம்.

காளியப்பன் கைநாட்டு


குளுவாங்
17-6-1934

அன்புள்ள அப்பாவுக்கு,

புத்தகம் இருபத்தைந்தாம் தேதி அச்சுக்குப் போகிறது. ஆசிரியர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டிவிட்டார். இப்போது போய், நான் சொன்னது பொய் என்றால் என் முகம் என்ன ஆவது? உங்களை உயர்த்தித்தானே எழுதப் போகிறார்கள். இதோடு விட்டுவிடுங்களேன்.

வேலு


கூலாய்
20-6-1934

மகன் வேலுவுக்கு,

நாளைக்கு மணியம் அந்தப் புத்தகத்தை வாசித்துக் காட்டும்போது, பொய்யைக் கேட்டு நான் தலையாட்ட வேண்டுமா? சின்னத்தம்பி கையிலிருந்து மூங்கில் நழுவினதைப் பார்த்தவன் நான். இருபது வருஷமாக அது கண்ணை விட்டுப் போகவில்லை.

தோட்டத்து ஆள் மகன் என்று சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். எனக்குக் கோபம் இல்லை, உன் அம்மாவுக்குத்தான். திடல் விஷயம் உன் இஷ்டம் இல்லை.

காளியப்பன் கைநாட்டு


குளுவாங்
2-7-1934

அன்புள்ள அப்பாவுக்கு,

வகுப்பில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "உனக்கு யாரு சொன்னா?" என்றார் ஆசிரியர். "எங்கப்பா. தோட்டத்துல வேலை செய்றாரு. இந்தத் திடல நெரவினவரே அவருதான் சார்" என்றேன். "வெறும் மூங்கிலும் தண்ணியுமா?" என்று கேட்டுவிட்டு, சன்னல் வழியே திடலையே பார்த்துக்கொண்டு நின்றார். உலகப்பன்தான் என் சட்டையை இழுத்து, "அட, மொதல்லயே சொல்லக்கூடாதா? நான்பாட்டுக்கு வாய விட்டுட்டேனே. அப்பாகிட்ட சொல்லிராதே லா" என்றான்.

அச்சுத்தாளை இதோடு வைத்திருக்கிறேன். இங்கிலீஷில் இருப்பதன் தமிழ் இது: "1914-இல் காளியப்பனும் முப்பது தொழிலாளர்களும் மூங்கிலும் தண்ணீரும் கொண்டு இத்திடலைச் சமன் செய்தனர். வடகிழக்கு மூலை நாலு அங்குலம் தாழ்ந்தது. மட்டம் பிடித்த சின்னத்தம்பி அங்கே காய்ச்சலில் விழுந்து, அவ்வாரமே இறந்தார்."

ஆகஸ்டு முதல் சனிக்கிழமை சர்வே வகுப்பு அந்த மூலையை நிரப்பப் போகிறது. உங்களை அழைத்து வரும்படி ஆசிரியர் சொன்னார். நானும் அழைக்கிறேன்.

தங்கள் மகன்
வேலு


கூலாய்
8-7-1934

மகன் வேலுவுக்கு,

சின்னத்தம்பி பெயர் இருக்கிற இடத்தில் மணியம் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை லயத்தில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினேன். ரப்பர் பால் எடை போட நின்றவர்களையும் விடவில்லை. "போதும், கசங்கிப் போகும்" என்று உன் அம்மா பிடுங்கிப் பெட்டியில் வைத்துவிட்டாள். ராத்திரி அவளே எடுத்துப் பார்க்கிறாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது.

உலகப்பனிடம் சொல், அவன் கேட்டது சரியான கேள்வி.

அந்தச் சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். கருவி உங்களிடம் இருக்கட்டும். நான் ஒரு மூங்கில் பிளந்து வைத்திருக்கிறேன். ஒரு முனையை நான் பிடிப்பேன். சின்னத்தம்பி முனையை நீ பிடி.

காளியப்பன் கைநாட்டு