டின்னுக்குப் பின்னால்

மேற்பிரிவு லயம்,
அக்கரப்பத்தனை.
16.07.2002

அன்புள்ள றோலண்ட் அண்ணனுக்கு,

சுகம். நீங்களும் அண்ணியும் அப்படியே இருக்க மாதாவை வேண்டுகிறேன். பாப்பா இந்தக் கிழமை நூற்றைம்பது கிராம்தான் கூடியிருக்கிறாள். போதுமா என்று கிளினிக் மிஸ்ஸிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன். மழைக்குள் அவளைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு இறங்கப் பயம். அதனால் இதைப் பஸ் கண்டக்டர் சின்னராசாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் கேபிள் டிவியில் தாய்மாருக்கான என் நிகழ்ச்சி போனது. பால் கொடுக்கும்போது பிள்ளையை எப்படி அணைத்துப் பிடிப்பது என்று காட்டத்தானே, அண்ணி படம் பிடிக்க, நான் உட்கார்ந்தேன்? அந்த இடம் வந்ததும் ஒரு பால்மா டின் படம் வந்து என் நெஞ்சை மறைத்துவிட்டது. பாப்பாவின் தலையும் தெரியவில்லை, என் கையும் தெரியவில்லை.

நேற்றுக் காலை பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பூரணி வந்தாள். மகனுக்கு மூன்று மாதம். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகத் தொடங்கியதிலிருந்து பால் குறைகிறது என்று தவிக்கிறவள். அதே டின்னை நீட்டி, “டீச்சர், நீங்க டிவியில சொன்ன மா இதுதானுங்களா? நிப்பாட்டிட்டு இதையே குடுக்கவா?” என்கிறாள்.

அடுத்த ஞாயிறு டின்னை எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள் அண்ணே.

தங்கை
டெல்சி

*

டவுன்,
17.07.2002

என் தங்கச்சிக்கு,

பாப்பாவுக்கு மாமாவின் முத்தம். கோபப்படாதே. கையில் இருந்த விளம்பரப் படம் அது ஒன்றுதான். பதற்றத்தில் அதை எடுத்து மூடினேன். உன் மானத்தை நினைத்துத்தான் செய்தேன். எத்தனை ஆம்பளைகள் பார்க்கிறார்கள்! நாளைக்கு ஒருத்தன் உன்னைக் கடைத்தெருவில் ஒரு மாதிரி பார்த்தால், நான் அவன் பல்லைத் தட்டவேண்டி வரும். மாப்பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பேன்?

அண்ணி மூன்று நாளாகப் பேசவில்லை. பருப்பில் உப்புப் போடுவதையும் நிறுத்திவிட்டாள். இதைத் தவிர வேறு எது கேட்டாலும் செய்கிறேன்.

றோலண்ட்

*

மேற்பிரிவு லயம்,
19.07.2002

அன்புள்ள அண்ணனுக்கு,

உப்புப் போடச் சொல்லி அண்ணிக்கு நான் எழுதமாட்டேன்.

என் மானம் என்கிறீர்கள். என் நிகழ்ச்சி முடிந்த கையோடு என்ன போட்டீர்கள்? சினிமா மழைப் பாட்டு. அந்தப் பெண் நனைந்த சேலையில் புரண்டாள், அவன் அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்தான். அதற்கு ஒரு சோடா மூடியையாவது வைத்தீர்களா? ஆம்பளைகள் ரசிக்கிற உடம்பு என்றால் திறந்துவிடலாம், பிள்ளை பசியாறுகிற உடம்பு என்றால் மூடவேண்டுமா?

என் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் கேமரா முன்னால் உட்கார்ந்தேன். டின்னை வைக்கும்முன் நீங்கள்தான் என்னிடம் கேட்கவில்லை. நீங்கள் மூடிய பிறகுதான் அங்கே ஏதோ அசிங்கம் இருப்பதாக எல்லாருக்கும் தோன்றியது.

பூரணி ஒரு வேளைக்கு மாவைக் கரைத்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டாள். நான் வாயால் சொன்னால் கேட்கவில்லை. “டிவியில காட்டுனாங்களே” என்கிறாள். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால், என் முகத்தைக் காட்டித்தானே ஆனது?

ஞாயிறு பார்ப்பேன். டின் இருந்தால் என் நிகழ்ச்சிக் கசெட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு உங்களிடம் எதுவும் கேட்கமாட்டேன்.

டெல்சி

*

டவுன்,
22.07.2002

தங்கச்சி,

நேற்று டின் இல்லாமல் போட்டேன். நான் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன், மன்னித்துக்கொள்.

போன் அடித்தபடியே இருந்தது. ஏழு பேர் கேபிள் லைனைக் கழற்றச் சொன்னார்கள். மழைப் பாட்டுக்கு இதுவரை ஒருத்தனும் போன் எடுத்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. எட்டாவது ஆள் கடைக்காரர் கந்தப்பன். “ஒங்க வீட்டுப் பொண்ணா இருந்தா இப்பிடிப் போடுவீங்களா?” என்றார்.

“எங்க வீட்டுப் பொண்ணுதாங்க. மடியில இருக்கிறது என் மருமவ. அவ சாப்பிடுறா” என்றேன்.

போனை வைத்துவிட்டார்.

றோலண்ட்

*

மேற்பிரிவு லயம்,
24.07.2002

என் அண்ணே,

பூரணியை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்துத்தான் ஞாயிறு நிகழ்ச்சியைப் பார்த்தேன். பையன் அவள் மடியில் சிணுங்கிக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டே, அவளுக்கே தெரியாமல், அவன் தலையைத் தன் முழங்கை மடிப்பில் ஏற்றி வைத்தாள். அவன் வாயைப் பெரிதாகத் திறந்து பிடித்துக்கொண்டான். சத்தம் அடங்கியது.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, “இவ்வளவுதானுங்களா டீச்சர்?” என்றாள்.

உங்கள்
டெல்சி