பச்சைத் தொப்பியோடு பாதி பழனி

எனக்கும் சேர்த்துப் பேசிய என் சரசுவுக்கு,

நலமா என்று கேட்டால் நீ சிரிப்பாய். இருந்தாலும் கேட்டுவிட்டேன். கடிதத்தை வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு குடும்ப நடை நடத்தினார்கள், ஏழைக் குழந்தைகளின் சிகிச்சைக்கு நிதி சேர்ப்பதற்காக. இப்போது அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். நடந்தவர்கள் அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்று செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். முன்பின் தெரியாத வாசகர்களிடம் எனக்கு என்ன பேச வரும்? உன்னிடம் என்றால் சொல்லிவிடுவேன். அவர்கள் ஓரமாக நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

உன் கண்களைப் போன வருஷம் தானமாக வாங்கிக்கொண்டு போன அதே ஆஸ்பத்திரிதான். அதனால் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எதற்குத்தான் வந்திருக்கிறது? கூட்டத்தில் யாராவது உன் கண்ணால் என்னைப் பார்த்துவிடக்கூடும் என்று தோன்றியதால், நடை நடந்த அன்று காலை சவரம் செய்த முகத்தையே மறுபடி ஒருமுறை சவரம் செய்துகொண்டேன்.

ஆனால் எனக்கு நடையைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. நீ போன பிறகு பேரப்பிள்ளைகள் மே மாத லீவுக்கு நம் வீட்டுக்கு வரவில்லை. சுமதி திருப்பூரிலேயே வைத்துக்கொண்டாள். இந்த வருஷமாவது அனுப்பம்மா என்று பொங்கலுக்குப் போனபோது மெதுவாகக் கேட்டேன்.

“உங்களுக்கு ஆக்கத் தெரியும், தொவைக்கத் தெரியும், எல்லாந் தெரியும்ப்பா. ஆனா ரெண்டையும் ஒத்தையில வெச்சுப் பாத்துக்குவீங்களான்னு நெனச்சா எனக்குத் திக்குங்குது. அந்த நடைக்குக் கூட்டிட்டுப் போங்க. அதைப் பாத்துப்போட்டு லீவைப் பத்திப் பேசலாம்.”

ஆக, எனக்கு அது பரீட்சை. நான் எப்படித் தயாரானேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மில் ஆய்வுக்கூடத்தில் நூலின் முறுக்கைச் சோதித்த அதே சிரத்தையோடு, முந்தின வாரமே போய் அந்த வழியை ஒருமுறை தனியாக நடந்து பார்த்தேன். சுந்தராபுரத்தில் ஆரம்பித்துப் பொள்ளாச்சி ரோட்டிலேயே போய், ஒரு சைக்கிள் கடை வந்ததும் வலப்பக்கம் திரும்பினால் பள்ளிக்கூட மைதானம். எங்கே நிழல், எங்கே குழாய், சின்னவள் நந்துவுக்கு அவசரம் வந்தால் எந்தப் புதர், எந்த வீட்டு நாய் கட்டியிருக்கிறது, எந்த வீட்டு நாய் கட்டவில்லை, எல்லாம் மனப்பாடம். சுமதியும் மாப்பிள்ளையும் ஸ்கூட்டரில் நேராக மைதானத்துக்கு வந்து காத்திருப்பதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோருக்கும் பச்சைத் தொப்பியும் பச்சைத் துண்டும் கொடுத்தார்கள். பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சியாம். கார்த்திக்கு ஏழு வயசு, தொப்பி சரியாக இருந்தது. நந்துவுக்கு ஐந்துதான், மூக்கு வரை இறங்கிவிட்டது. நான் கான்வாஸ் ஷூ போட்டிருந்தேன்.

கொடியசைத்ததும் பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்து, “நீங்க முன்னால போங்க” என்றார். நான், “இல்லீங்க, நீங்க போங்க” என்றேன். அவர் போய்விட்டார். அடுத்தவரும் அதையே சொன்னார், நானும் அதையே சொன்னேன். மரியாதை எல்லாம் முடிந்தபோது எங்களுக்குப் பின்னால் ஐஸ் வண்டிக்காரர் மட்டும்தான் இருந்தார். அதற்கப்புறம் நந்துவுக்கு அவசரம் வந்தது. பிறகு கார்த்திக்கும் வந்தது. ஐஸ் வண்டியும் எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

தைப்பூசம் நெருங்குகிற சமயம் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை சரசு. நான் வழி பார்க்கப் போன அன்று ரோடு காலியாகக் கிடந்தது. நடை நாளிலோ பழனிக்குப் போகிறவர்களுக்காக வழி நெடுகப் பந்தல். அதில் ஒரு பந்தலை அந்தச் சைக்கிள் கடைக்கு முன்னாலேயே, கடை தெரியாத அளவுக்குக் கட்டியிருந்தார்கள். நான் சைக்கிள் கடையைத் தேடிக்கொண்டே அதைத் தாண்டி நடந்துவிட்டேன். சந்தேகம் வந்த நேரத்தில் தூரத்தில் பச்சையாக ஒரு கூட்டம் தெரிந்தது. ‘அதோ, நம் ஆட்கள்’ என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வேகமாகப் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

அவர்களிடம் துண்டு பச்சை, வேட்டியும் பச்சை. தோளில் காவடி. காலில் செருப்பில்லை.

காவடி தூக்கியிருந்த பெரியவர் என் காலைப் பார்த்தார். “ஏனுங் சாமி, பூட்ஸ் காலோடயா பழனிக்கு?”

“இல்லீங்க, நாங்க வேறீங்க... கண் ஆஸ்பத்திரிக்கு...”

“கண்ணுல ஏதாச்சும் கோளாறுங்களா? முருகன் பாத்துக்குவானுங்க. கழட்டிப்போட்டு நடங்க.”

கழற்றினேன். நீ இருந்திருந்தால் ‘நாங்க வழி தப்பிட்டோமுங்க, மைதானம் எங்கீங்க’ என்று அரை நிமிஷத்தில் முடித்திருப்பாய். நான் பேச்சில் ஒரு நல்ல இடைவெளி வரட்டும் என்று காத்திருந்தேன். இடைவெளி வரும்போதெல்லாம் யாராவது கையில் நீர்மோர் கொடுத்தார்கள். மோரை வாங்கிக் குடித்துவிட்டு உடனே ‘நான் உங்கள் ஆள் இல்லை’ என்று எப்படிச் சொல்வது? ஷூவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிணத்துக்கடவுப் பக்கமாக நடந்துகொண்டே இருந்தேன்.

பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். மேளத்துக்குக் கார்த்தி ஆடிய ஆட்டத்தைப் பார்த்து ஒரு அம்மாள் நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டார்.

“ஏங் கண்ணு, என்ன வேண்டுதல்?” என்று நந்துவைக் கேட்டார்.

“லீவுக்குத் தாத்தா ஊட்டுக்குப் போகோணும்.”

“அவ்வளவுதானா அம்மணி? நடந்தே பத்தரமா போய்ச் சேருங்க, கெடச்சுரும்.”

நடந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு நான் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறேன் என்று அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு பெரிய பந்தல் வந்தது. உட்கார வைத்து இலை போட்டார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுத் திரும்பினால் கார்த்தி இருந்தான். நந்து இல்லை.

தேடினேன். எப்படித் தேடினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் போய், தொந்தரவு இல்லாமல், எட்டி எட்டிப் பார்த்தேன்.

“கூப்பிடுங்க தாத்தா” என்றான் கார்த்தி.

“எல்லாரும் சாப்பிடறாங்க கண்ணு.”

அப்போது ரோட்டில் ஒரு தேங்காய் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சக்கரங்களைப் பார்த்தேன் சரசு. அதற்கு மேல் என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. பந்தல் மூலையில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த பையன் முன்னாலிருந்த மைக்கை, அனுமதி கேட்காமல், பிடுங்கினேன்.

பிடுங்கிய பிறகும் புத்தி மாறவில்லை. “அனைவருக்கும் வணக்கம்” என்று ஆரம்பித்தேன். “என் பேத்தி நந்தினி. வயது ஐந்து. பச்சைத் தொப்பி, சற்றுப் பெரியது. இடது முழங்காலில் பிளாஸ்திரி. சாம்பார் சாதம் சாப்பிட மாட்டாள். யாராவது கொடுத்திருந்தால் மன்னிக்கவும்.” அதற்கு மேல் வாசகம் வரவில்லை. “நந்து!” என்று கத்தினேன். பந்தல் கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் கீச்சிட்டது. மேளம் நின்றது. மறுபடி கத்தினேன். நாற்பது வருஷக் குடித்தனத்தில் நீ கேட்காத குரல் அது. நானும் கேட்டதில்லை.

மைக் வைத்திருந்த மேஜையின் துணி விலகியது. கையில் பஞ்சாமிர்தத் தொன்னையோடு ஒரு பச்சைத் தொப்பி வெளியே வந்தது.

“மெதுவாப் பேசுங்க தாத்தா” என்றாள். “காது வலிக்குது.”

அவளைத் தூக்கிக்கொண்டேன். மைக்கையும் விடவில்லை. “பெரியவரே, புள்ளதான் கெடச்சிருச்சுங்களே, மைக்கைக் குடுங்க” என்று அந்தப் பையன் கெஞ்சிக்கொண்டிருந்தபோதுதான் ஸ்கூட்டர் வந்து நின்றது.

மைதானத்தில் எல்லோரும் வந்தும் நாங்கள் வராததால், இருவரும் ரோட்டில் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். தூரத்திலேயே ஸ்பீக்கர் சத்தம் கேட்டிருக்கிறது.

“அப்பா குரலாட்ட இருக்குதுன்னேன்” என்றாள் சுமதி. “இவரு நம்பவே இல்ல. உங்கொப்பனா, மைக்குலயா, வேற யாரோ பெருசு புள்ளையத் தொலைச்சுப்போட்டுக் கத்துதுங்கறாரு.”

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். சுமதி என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். வெறுங்கால், திருநீறு, கக்கத்தில் ஷூ, இடுப்பில் நந்து, கையில் மைக். அங்கேயே ஜமுக்காளத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நடந்து நடந்து காய்ந்து வந்திருக்கிறாள் என்று நினைத்து யாரோ அவள் முன்னாலும் இலை போட்டுவிட்டார்கள்.

பரீட்சை போயிற்று என்றுதான் நினைத்தேன். வழி தப்பினேன், வேறு கூட்டத்தோடு போனேன், பிள்ளையையும் தொலைத்தேன். இதற்கு மேல் தோற்க என்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு, “மன்னிச்சுக்கம்மா, லீவைப் பத்தி இனி கேக்கமாட்டேன்” என்றேன்.

“மே மாசம் மொத வாரம் கொண்டாந்து உடறேன்ப்பா” என்றாள்.

எனக்குக் காதில் கோளாறோ என்று நினைத்தேன்.

“புள்ளைங்கன்னா தொலையத்தான் செய்யும். நானே போன மாசம் துணிக்கடையில நந்துவைத் தொலைச்சேன். எம்பட பயம் அதில்லீங்ப்பா. அதுகளுக்கு ஒண்ணுன்னா நீங்க ஒருத்தர் கதவைத் தட்டிக் கூப்புட மாட்டீங்களோன்னுதான். கூச்சப்பட்டுட்டு விடியட்டும்னு உக்காந்திருப்பீங்களோன்னுதான். இன்னைக்கு ஊரே கேக்கக் கூப்புட்டீங்க.”

எழுந்து போகும்போது, “கூப்புடறப்ப ‘அனைவருக்கும் வணக்கம்’ மட்டும் வேண்டாம்ப்பா” என்றாள்.

உனக்கு இது முன்பே தெரியுமா சரசு? என்னைப் பற்றி இப்படி ஒரு பயம் உனக்கும் இருந்ததா? நான் தட்ட வேண்டிய கதவையெல்லாம் நீ ஏன் முந்திக்கொண்டு தட்டினாய்?

மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவசரம் இல்லாதபோதே பழகிக்கொள்வதுதான் முறை என்று தோன்றுகிறது. எதிர் வீட்டில் புதிதாகக் குடிவந்து பல மாதம் ஆகிறது. இதுவரை தலையசைத்ததோடு சரி. இன்று சாயங்காலம் போய்க் கதவைத் தட்டி, உறை ஊற்றக் கொஞ்சம் மோர் கேட்கப் போகிறேன். வீட்டில் அரைச் சட்டித் தயிர் இருக்கிறது. இருந்தாலும் கேட்பேன். இது உனக்கு என் வாக்கு.

நடுக்கத்தோடும் அன்போடும்,
உன் வீட்டுக்காரன்,
கார்த்திக்கும் நந்துவுக்கும் தாத்தா