புகைபோக்கி இல்லாத வீடு

அண்ணை,

என் ஜக்கெற்றில் இன்னும் விறகுப்புகை மணக்கிறது. இன்று பின்னேரம் மகனோடு அந்தப் பூங்காவுக்குப் போய்வந்தேன். நாணற்கூரையும் மண் பூசிய சுவருமாக மத்தியகாலக் கிராமம் ஒன்றைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்களே, அங்கேதான்.

போன இலையுதிர்காலம் உங்கள் மகள் நம் இருவரையும் அங்கே கூட்டிப்போனாள். வைத்தியர் உங்களிடம் சொன்னது அன்று எனக்கு மட்டுந்தான் தெரியும். அதை மகளிடம் என்னையே சொல்லச் சொன்னீர்கள். மாட்டேன் என்றேன்.

முதல் வீட்டு வாசலில் நீங்கள் சப்பாத்தைக் கழற்றினீர்கள். பழக்கதோஷத்தில் நாங்களும் கழற்றினோம். அந்தக் காலத்து உடுப்பில் நெருப்பருகே இருந்த ஜெர்மன்காரி சிரித்தாள். இது காட்சிக்குக் கட்டிய வீடு, ஒருவரும் குடியிருக்கவில்லை என்றாள். அடுப்பு எரிகிறதே என்று அவளுடைய டொச் மொழியிலேயே சொல்லிவிட்டு உள்ளே போனீர்கள்.

புகைபோக்கி இல்லாத வீடு. எல்லோருக்கும் கண் எரிந்தது. நாம் நடத்திய சின்னப் பத்திரிகைக்கு நீங்கள் ஆசிரியர், நான் நிருபர். "உம்மடை செய்தி மூண்டாம் பந்தியிலைதான் கண் முழிக்கும்" என்று எத்தனை தரம் என்னை நக்கலடித்திருப்பீர்கள். அன்று அந்த மரவாங்கில் இருந்தபடி, ஒரு முன்னுரையும் இல்லாமல் சொன்னீர்கள்.

"பிள்ளை, எனக்குக் கான்சர். இனி மாத்தேலாதாம்."

புகை என்று சொல்லி மகள் கண்ணைத் துடைத்தாள். வாசலில் நீங்கள் குனியமுடியாமல் நின்றதைக் கண்டு, ஈர நிலத்தில் முழங்காலில் நின்று உங்கள் சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டாள். நிமிராமலே கேட்டாள்.

"எனக்கு ஏன் அப்பா முதலே சொல்லேல்லை?"

அந்த மாரிக்குளிர் முடியுமுன் எங்களை விட்டுப் போய்விட்டீர்கள்.

போன கிழமை என் பரிசோதனை முடிவும் வந்தது. எனக்கும் கான்சர்தான், ஆனால் உங்களுடையதைப் போல் முற்றவில்லை. ஒப்பரேஷன் செய்து பார்க்கலாம் என்கிறார்கள். ஆனாலும் வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. மகனை இன்று அங்கே கூட்டிப்போனது அதற்காகத்தான். ஆட்டுப்பட்டியைப் பற்றியும் கூரையைப் பற்றியும் கதைத்துக்கொண்டே அந்தப் புகை வீட்டுக்குள்ளும் போய் வந்துவிட்டேன். கடைசியில், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்கு எப்போது வரச்சொல்லி டெர்மின் தந்திருக்கிறார்கள் என்று கேட்டான். வியாழக்கிழமை என்றேன். லீவு போடுவதாகச் சொன்னான். பிறகு என்னை உற்றுப் பார்த்தான்.

"அம்மாவுக்கும் சொல்லேல்லையா?"

"இல்லை."

"இண்டைக்கே சொல்லுங்கோ. நான் பக்கத்திலை நிக்கிறன்."

மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவுகிறாள். மகன் கதவடியில் எனக்காக நிற்கிறான். உங்கள் மகள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. எழும்புகிறேன், அண்ணை.